மறைந்திருந்த நிலை

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நாஞ்சில் நாட்டு வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி இளவெயிலை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் எண்ணெய் வெண்ணிறமாய் உறைகிறது. வெயில் ஏறியதும் உருகி ஓடுகிறது. உருகுதல் என்பது வெப்பம் ஒன்றையே பொறுத்தது என்னும் எண்ணம் இத்தகைய அன்றாடக் காட்சிகளால் வேரூன்றியிருக்கிறது. ஆனால், அழுத்தத்திற்கும் அதில் பங்குண்டு. குக்கருக்குள் நீர் 100 டிகிரியைக் கடந்து ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிப்பதைப் பலரும் அறிவர். கொதிநிலையைப் போலவே உருகுநிலையும் அழுத்தத்திற்கேற்ப இடம்பெயரும் என்பதை அறிந்தோர் சிலரே. அந்த இடப்பெயர்ச்சியையே கருவியாகக் கொண்டு, எளிய பொருள்களுக்குள் ஒளிந்திருந்த ஒரு நிலையை வெளிக்கொணர்ந்த ஆய்வுக் குழுவின் தலைவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றதும் விண்மீன்களின் முடிவைக் கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகரே பலர் நினைவுக்கும் வருவார். இருவருமே சர் சி.வி. இராமனின் மருமக்கள் முறையினர் என்று பொதுவாக எழுதிவிடுவது உண்டு, அது பிழை. விண்ணியல் அறிஞர் இராமனின் தமையனார் மகன். இவரோ தங்கை மகன். தமிழ் முறைப்படி அவருக்கு இராமன் சித்தப்பா, இவருக்குத் தாய்மாமன். 1983ஆம் ஆண்டில் முன்னவர் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பின்னவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயரொற்றுமையின் நிழலில் இவரது புகழ் சற்று மங்கியே நின்றது.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த சந்திரசேகர், நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் 1951இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர், பெங்களூரில் இராமன் நிறுவிய ஆய்வுக்கழகத்தில் மாமனிடமே மாணவரானார். ஒளி சில படிகங்களின் ஊடே செல்லும்போது அதன் அதிர்வுத்தளம் சுழலும். அச்சுழற்சியை அளப்பதே அவரது தொடக்ககாலப் பணி. அப்பணிக்காக நாகபுரிப் பல்கலைக்கழகம் 1954இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அதன்பின் கேம்பிரிட்சின் கேவண்டிஷ் ஆய்வகம் சென்று, படிகங்களில் எக்ஸ் கதிர்களும் நியூட்ரான்களும் சிதறுவதை ஆராய்ந்து மற்றுமொரு முனைவர் பட்டமும் பெற்றார். இலண்டனில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் 1961இல் தாயகம் திரும்பி, மைசூர்ப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அவருடைய தம்பி பஞ்சரத்தினமும் அங்குச் சில காலம் பணியாற்றினார். ஒளியலையின் வடிவியல் கட்டம் பற்றி இருபத்திரண்டு வயதில் அவர் எழுதிய கட்டுரை, பல்லாண்டுகள் கழித்தே உலகின் கவனத்தைப் பெற்றது. அந்தப் புகழைக் காணாமலே 1969இல் ஆக்சுபோர்டில் முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். மறுஆண்டு இராமனும் மறைந்தார்.

மைசூரில்தான் சந்திரசேகரின் கவனம் நீர்மப் படிகங்களின் பக்கம் திரும்பியது. 1888இல் பிராகு நகரத்தில் தாவரவியலாளர் இரைனிட்சர், கேரட்டிலிருந்து பெற்ற கொலஸ்டிரால் சார்ந்த ஒரு சேர்மத்தைச் சூடாக்கியபோது விந்தையொன்றைக் கண்டார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் அக்கலங்கல் திடீரெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள்! இடையிலிருந்த கலங்கல் நீர்மம் நீரைப் போல ஓடியது. ஆனால், ஒளியைப் படிகம் போலக் கையாண்டது. கோல் வடிவ மூலக்கூறுகள் வரிசை இடங்களை விட்டு விலகியபின்னும் ஒரே திசையை நோக்கியே நிற்பதுதான் அதற்குக் காரணம். கழியில் மிதந்துவரும் மூங்கில்கள் இடம் மாறினாலும் ஒரே போக்கில் நீண்டு கிடப்பதைப் போன்றது இது. வெப்பம் மேலும் ஏறினால் அந்தத் திசையொழுங்கும் குலைந்து சாதாரண நீர்மம் உண்டாகிறது. எண்பது ஆண்டுகளாகப் பெரிதும் அறிஞர்களின் ஆர்வப்பொருளாகவே இருந்துவந்த இந்த நிலை, 1968இல் அமெரிக்காவில் நீர்மப் படிகத் திரை அறிவிக்கப்பட்டதும் தொழிலுலகின் பொருளாயிற்று. ஒளிச்சுழற்சியில் பயின்ற சந்திரசேகருக்கு இது அந்நியமான துறையன்று; ஒளியை மிகப் பெரிய அளவில் சுழற்றும் பொருள்களே நீர்மப் படிகங்களில் ஒரு வகையாக இருந்தன.

1971இல் அவர் தம் மாணவர்களோடு பெங்களூருக்குப் பெயர்ந்து, இராமன் ஆய்வுக்கழகத்தில் நீர்மப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். சேர்மங்களை ஆக்கும் வேதியியலாளரும், அவற்றை அளக்கும் இயற்பியலாளரும், கணக்கிடும் கோட்பாட்டாளரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். அன்றைய இந்திய ஆய்வகங்களில் இது அரிதான ஏற்பாடு. அங்கேதான் அழுத்தம் பற்றிய வினா எழுந்தது.

உருகுநிலையை அழுத்தம் மாற்றும் என்பது பழைய செய்தி. உருகும்போது பனிக்கட்டி சுருங்குகிறது. ஆகவே, அழுத்தம் கூடினால் அதன் உருகுநிலை குறையவேண்டும் என்று 1849இல் சேம்சு தாம்சன் கணித்தார். அவருடைய தம்பி வில்லியம், பின்னாளில் கெல்வின் பிரபு, அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார். ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குக் குறைவது வெறும் 0.0075 டிகிரிதான். பெரும்பாலான பொருள்கள் பனிக்கட்டிக்கு நேர்மாறானவை. அவை உருகும்போது விரிகின்றன. அழுத்தினால் அவற்றின் உருகுநிலை உயர்கிறது. தேங்காய் எண்ணெயையும் போதிய அளவு அழுத்தினால் அது வெயில் வேளையிலும் உறைந்தே இருக்கும். 1946இல் நோபல் பரிசு பெற்ற ஆர்வர்டு பேராசிரியர் பிரிட்சுமன், நூற்றுக்கணக்கான பொருள்களை இவ்வாறு அழுத்திப் பார்த்தார். நீருக்குக்கூடப் பல்வகைப் பனிக்கட்டிகள் உண்டென்றும், அவற்றுள் ஒன்று கொதிநீரின் வெப்பத்திலும் உருகாது நிற்கும் என்றும் அவர் காட்டினார். வெப்பநிலையை ஓர் அச்சிலும் அழுத்தத்தை மற்றோர் அச்சிலும் குறித்து, எந்தெந்த இடத்தில் எந்நிலை நிலவும் என்று எல்லைக்கோடு வரைந்தால் அது நிலைமை வரைபடம். மூன்று நிலைகளின் எல்லைகள் கூடுமிடம் மும்மைப் புள்ளி.

சந்திரசேகர் குழுவினர் எடுத்துக்கொண்ட பொருள்கள் மிக எளியவை. ஆல்காக்சி பென்சாயிக் அமிலங்கள் என்னும் வரிசையில் மூன்றாவது உறுப்பிலிருந்து நீர்மப் படிக நிலை தோன்றுகிறது. முதல் இரண்டான மெத்தாக்சி, எத்தாக்சி அமிலங்களில் அது இல்லை. மெத்தாக்சி அமிலம் சோம்பின் மணப்பொருளிலிருந்தே பெறத்தக்கது. ஏறத்தாழ 184 டிகிரியில் அது திண்மத்திலிருந்து நேரே தெளிந்த நீர்மமாகிவிடும். நீர்மப் படிகத்தைத் தேடுவோர் ஒதுக்கிவிட்ட பொருள்கள் இவை.

மூலக்கூற்றுப் படிகங்கள் உருகுவது குறித்துச் சந்திரசேகரும் மாணவர்களும் வகுத்த கோட்பாடு வேறொரு வாய்ப்பைச் சுட்டியது. அந்த இரண்டு அமிலங்களிலும் திசையொழுங்கு அடியோடு இல்லாமற் போகவில்லை. அவ்வொழுங்கு குலையவேண்டிய வெப்பநிலை, உருகுநிலைக்குக் கீழே அமைந்துவிட்டது; ஆகவே, திண்மம் உருகும் வேளையில் திசையொழுங்கு நிலைப்பதற்கு இடமே இருப்பதில்லை. அழுத்தம் கூடினால் இரண்டு எல்லைகளும் மேலே ஏறும். ஆனால், ஒரே விரைவில் ஏறா. எல்லைக்கோட்டின் ஏற்றத்தை முடிவு செய்வது, நிலைமாற்றத்தின்போது விரியும் கனஅளவுக்கும் உட்கொள்ளப்படும் வெப்பத்திற்கும் உள்ள விகிதம். திண்மம் உருகுகையில் கனஅளவு மிகுதியாக விரிந்தாலும், தேவைப்படும் வெப்பம் அதனினும் மிகப் பெரிது. திசையொழுங்கு குலைகையில் விரிவு சிறிதே. வெப்பமோ அதைவிடவும் மிகச் சிறிது. எனவே, பின்னதன் கோடு செங்குத்தாக எழுகிறது. பின்தங்கிப் புறப்பட்டவன் முந்தியவனை எட்டிப்பிடிப்பதுபோல, ஓர் அழுத்தத்தில் அது உருகுநிலைக் கோட்டைத் தொட்டாகவேண்டும். தொடும் இடமே மும்மைப் புள்ளி. அதற்கு அப்பால் திண்மத்துக்கும் நீர்மத்துக்கும் இடையே புதிய நிலை திறந்துகொள்ளவேண்டும்.

தேவைப்பட்ட அழுத்தம் சிறிதன்று. கன்னியாகுமரிக் கடலில் 10 மீட்டர் ஆழம் மூழ்குபவர்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; உலகக் கடல்களின் ஆழம் மிக்க அகழியின் அடியிலோ ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்ட வளிமண்டலங்கள். ஆயிரங்களால் எண்ணத்தக்க அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும் கலத்துக்குள் ஒரு துளிப் பொருளை வைத்து, 200 டிகிரி அளவிலும் அதற்கு மேலும் சூடாக்கி, நிலைமாற்றத்தைக் கண்டறிய வேண்டும். அழுத்தம் ஊட்டும் நெய்மம் அமிலத்தோடு கலந்துவிட்டால் உருகுநிலை பொய்யாகிவிடும். கலம் கசிந்தால் அளவீடு வீணாகும். இத்தனைக்கும் நடுவே குழுவினர் எல்லைக்கோடுகளைப் புள்ளி புள்ளியாகக் குறித்தனர். ஒதுக்கப்பட்ட இரண்டு அமிலங்களும் அழுத்தத்தின்கீழ் நீர்மப் படிகமாயின. அழுத்தம் மேலும் ஏறியபோது, மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமையும் இன்னொரு நீர்மப் படிக நிலையும் வெளிப்பட்டது. சந்திரசேகர், இராமசேசன், சசிதர் முதலியோர் இம்முடிவை, 1973 டிசம்பரில் பெங்களூரில் நடந்த பன்னாட்டு நீர்மப் படிக மாநாட்டில் முன்வைத்தனர்.

பொருள் மாறவில்லை, மூலக்கூறும் மாறவில்லை. நீர்மப் படிக நிலை இல்லை என்று எழுதப்பட்டது வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே உண்மையாயிருந்தது.

நான்காண்டுகளுக்குப் பின் அதே ஆய்வகம் மற்றொரு நம்பிக்கையையும் தகர்த்தது. கோல் வடிவ மூலக்கூறுகளே நீர்மப் படிகமாகும் என்று அதுவரை கொள்ளப்பட்டிருந்தது. 1977இல் சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேசும், பென்சீனின் ஆறு முனைகளிலும் நீண்ட கிளைகளைப் பொருத்திய வட்டு வடிவ மூலக்கூறுகளில் நீர்மப் படிக நிலையைக் கண்டனர். காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தூண்கள் அவை. அச்செய்தியை அவர்கள் அயல்நாட்டு இதழ் எதற்கும் அனுப்பாமல், பெங்களூரிலிருந்து வெளிவரும் பிரமாணா இதழிலேயே வெளியிட்டனர். உலகம் அதைத் தேடி வந்து படித்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது நீர்மப் படிகங்கள் என்னும் நூல், இத்துறைக்குள் நுழைவோரின் பாடநூலாயிற்று.

1990இல் ஓய்வு பெற்றதும் அவர் ஆய்வை விடவில்லை. பாரத் மின்னணு நிறுவனம் சாலகள்ளியில் அளித்த கட்டடத்தில் நீர்மப் படிக ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கி, அதை வளர்த்தெடுப்பதில் எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டார். அரச கழகத்தின் அரசப் பதக்கம் 1994இலும், பத்மபூசண் விருது 1998இலும் அவரை வந்தடைந்தன. 2004ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் அவர் காலமானார். அதற்குள் அவர் கண்ட வட்டு வடிவ மூலக்கூற்றுக் குடும்பம், கணினித் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காமலிருக்க உதவும் மெல்லிய படலமாகத் திரைகளின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.