சொல்லுக்குக் காத்திருந்த மன்னர்

விடுதலைக்கு முந்திய பத்தாண்டுகளில் நம் நாட்டு நாணயங்களிலும் அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றிருந்த முகம் ஆறாம் ஜார்ஜ் மன்னருடையது. அவருடைய ஆட்சி அகல வேண்டும் என்று போராடிய நாடு இது. ஆயினும் அந்த மன்னர் தம் நாவோடு நடத்திய போராட்டம் அரசியலுக்கு அப்பாற்பட்டது. உலகின் கால்பங்கு நிலப்பரப்பு யாருடைய பெயரால் ஆளப்பட்டதோ, அவர் நான்கு வரிகளைத் தடையின்றிச் சொல்லி முடிப்பதற்கு வாழ்நாளெல்லாம் உழைத்தார். சொல்வன்மையைச் செல்வமாகப் போற்றும் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

1895 டிசம்பர் 14 அன்று, விக்டோரியா பேரரசியின் கொள்ளுப்பேரனாக, சாண்டிரிங்காம் பண்ணையில் ஆல்பர்ட் பிறந்தார். தந்தை பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர். கடற்படையில் வளர்ந்த கண்டிப்பானவர். முட்டி தட்டும் கால்களை நேராக்குவதற்காகச் சிறுவனின் கால்களில் கட்டைகள் பிணைக்கப்பட்டன. இடக்கையால் எழுதியவனை வலக்கையால் எழுதப் பழக்கினார்கள். ஏழெட்டு வயதளவில் பேச்சு திக்கத் தொடங்கியது. குடும்பப் பெரியோரின் பிறந்த நாள்களில் பேரப்பிள்ளைகள் கவிதை ஒப்பிக்க வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். ஆல்பர்ட்டுக்கு அது தண்டனையாயிற்று. சொல் வராமல் மகன் தவிக்கும்போது, விரைந்து சொல்லுமாறு தந்தை பொறுமையிழந்து வற்புறுத்துவார். வற்புறுத்த வற்புறுத்த நா மேலும் கட்டுண்டது. ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியின் இறுதித் தேர்வில் 68 பேரில் 68-ஆவது இடமே அவருக்குக் கிடைத்தது. வகுப்பில் வாய் திறக்க அஞ்சியவனின் மௌனத்தை மந்தம் என்று ஆசிரியர்கள் எண்ணிவிட்டார்கள்.

இடக்கைப் பழக்கத்தை மாற்றியதே திக்குதலுக்குக் காரணம் என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். இன்றைய ஆய்வு வேறுவிதமாகப் பேசுகிறது. மரபும், பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடும் இதற்கு அடிப்படை என்பது அதன் முடிவு. அச்சமும் கண்டிப்பும் திக்குதலைத் தோற்றுவிப்பதில்லை, இருப்பதைச் சுமையாக்குகின்றன. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1916-இல் ஜட்லாந்து கடற்போரில் பீரங்கி முழக்கத்துக்கு நடுவே நின்றவர் ஆல்பர்ட். அத்தகையவர் ஒலிபெருக்கியைக் கண்டு நடுங்கினார். 1920-இல் யார்க் கோமகன் ஆனபின் மேடைகளைத் தவிர்க்க முடியவில்லை. 1925 அக்டோபர் 31 அன்று வெம்பிளியில் பேரரசுக் கண்காட்சியின் நிறைவு விழாவில் அவர் பேச நேர்ந்தது. நெடிய இடைவெளிகளும் சொல்லின் முதல் ஒலியோடு நிகழ்ந்த போராட்டமும் ஒலிபெருக்கி வழியே திரண்டிருந்த கூட்டத்தை எட்டின. அடுத்து ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் காத்திருந்தது. அதற்கு முன்பே பல வல்லுநர்கள் முயன்று தோற்றிருந்தார்கள்.

இந்நிலையில்தான் லயனல் லோக் என்பவர் அவர் வாழ்வில் நுழைகிறார். 1880-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்த லோக் மருத்துவர் அல்லர், பேச்சுக்கலை ஆசிரியர். முதல் உலகப் போரின் அதிர்ச்சியால் பேச்சுத் தடைப்பட்டுத் திரும்பிய வீரர்களுக்குப் பயிற்சி அளித்து, அந்த அனுபவத்திலேயே தம் முறையைக் கண்டவர். 1924-இல் லண்டனுக்கு வந்து ஹார்லி தெருவில் அறை எடுத்திருந்தார். கோமகனே தம் அறைக்கு வர வேண்டும், அங்கே இருவரும் சமமானவர்களாகப் பழக வேண்டும் என்று லோக் எண்ணினார். 1926 அக்டோபர் 19 அன்று முதல் சந்திப்பு நிகழ்ந்தது. அடுத்த பதினான்கு மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட முறை கோமகன் அங்கே சென்றார்.

அங்கே மந்திரம் எதுவும் இல்லை. மார்பால் அன்றி உதரவிதானத்தால் மூச்சை ஆளுதல், திறந்த சன்னலருகே நின்று உயிரொலிகளை நீட்டி முழங்குதல், வெதுவெதுப்பான நீரால் தொண்டையைக் கொப்பளித்தல், நாப்புரட்டுத் தொடர்களைச் சொல்லிப் பழகுதல் என்பவையே பயிற்சிகள். இவற்றை வீட்டிலும் நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தது. மனைவி எலிசபெத் துணை நின்றார். இவையனைத்தினும் பெரிய மருந்து, அவசரப்படுத்தாமல் கேட்கும் ஒரு மனிதர் எதிரில் அமர்ந்திருந்ததே எனலாம். 1927 மே 9 அன்று கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்து, கோமகன் தம் உரையை நல்ல முறையில் நிறைவேற்றினார்.

1936 டிசம்பர் 11 அன்று அண்ணன் எட்டாம் எட்வர்டு முடி துறக்க, விரும்பாத அரியணை தம்பியை வந்தடைந்தது. இரண்டே நாள்களில் காண்டர்பரிப் பேராயர் வானொலியில் பேசுகையில், புதிய மன்னரின் பேச்சுத் தடையைப் பரிவோடுதான் குறிப்பிட்டார். ஆயினும் மறைக்க விரும்பிய ஒன்றை நாடெல்லாம் கேட்க நேர்ந்தது. 1937 மே 12 அன்று முடிசூட்டு விழா நடந்தது. அன்று இரவு வானொலி உரையின்போது லோக் அருகில் இருந்தார்.

1939 செப்டம்பர் 3 மாலையில் ஜெர்மனிமீது போர் மூண்ட செய்தியை மன்னர் தம் மக்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உரையின் படியில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதை லோக் கோடிட்டுத் தந்தார். இடறும் சொற்களுக்கு மாற்றுச் சொற்களும் தேடப்பட்டன. மன்னரின் குரல் மெதுவாக, இடைவெளிகளோடு ஒலித்தது. குறை என்று கருதப்பட்ட இடைவெளி, அன்று கேட்டவர்களுக்குப் பொறுப்பின் கனமாகவே தோன்றியது.

திக்குதல் அவரை விட்டு முற்றிலும் நீங்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நுரையீரல் அறுவைக்குப் பின் 1951-இன் கிறிஸ்துமஸ் உரையைச் சிறுசிறு பகுதிகளாகப் பதிவு செய்தே ஒலிபரப்பினார்கள். 1952 பிப்ரவரி 6 அன்று மன்னர் காலமானார். மறு ஆண்டு ஏப்ரலில் லோக்கும் மறைந்தார்.

பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத் திக்குதல் உண்டு. மழலைப் பருவத்தில் நூற்றுக்கு ஐந்து குழந்தைகளேனும் திக்குகின்றன. பெரும்பாலானவற்றுக்கு அது தானே நீங்குகிறது. நீங்காதபோது காலந்தாழ்த்தாமல் பேச்சுப் பயிற்சியாளரை நாட வேண்டும். மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்றவை நம் நாட்டிலேயே உள்ளன. லோக்கின் காலத்தை விடத் துறை இன்று வளர்ந்திருக்கிறது. திக்காமல் பேசுவது மட்டுமே அதன் குறிக்கோள் அன்று. திக்கினாலும் அஞ்சாமல் பேசுவதும் அதன் குறிக்கோளே.

நம் தெருக்களில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அன்பின் மிகுதியால் அவர்கள் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடித்துவிடுவதும் ஒரு வகையில் வாயடைப்பதே. முகம் பார்த்துக் காத்திருப்பது ஒன்றே நம்மிடம் அவர்கள் வேண்டுவது. பத்தாண்டுகளாகப் பேச்சையும் பாட்டையும் வளர்த்துவரும் நம் இலக்கிய வட்டம், இனிவரும் ஆண்டுகளில், கடைசி வரிசையில் கவிதைத் தாளை மடித்து வைத்துக்கொண்டு மேடையேறத் தயங்கும் இளைஞரையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். அவர் முதற்சொல்லில் தடைப்பட்டு நிற்கும்போது, அவை அமைதியாகக் காத்திருக்கட்டும்.