வெறுக்கச் செய்த வேள்

தீயவனைப் படைத்தல் எளிது. அவனை மெய்யாகவே வெறுக்கச் செய்தல் அரிது. அவ்வருஞ்செயலை ஆற்றியவர் நடிகவேள் எம்.ஆர். இராதா. 1907இல் சென்னையில் பிறந்த அவர், சிறுவயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார்; பின்னாளில் தந்தை பெரியாரின் கொள்கைகளை மேடையேற்றினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக் கண்ணீர்’ நாடகத்தை ஊர்தோறும் நடித்தார். 1954இல் அது திரைப்படமாயிற்று.

அதன் மோகனசுந்தரம் நாடு கவிழ்க்கும் கொடியவன் அல்லன். பெற்ற தாயை இகழ்கிறான். கட்டிய மனைவியைப் புறக்கணிக்கிறான். எதிர்த்துப் பேச இயலாதாரிடம் காட்டும் கொடுமையே வெறுப்பின் வேர். அவன் பேச்சுக்கு நாமும் சிரித்துவிடுகிறோம். அந்நாணமும் வெறுப்பைக் கூர்மையாக்குகிறது. தொழுநோயுற்றபின் அவ்வெறுப்பே இரக்கமாய்க் கரைகிறது.

ஆயினும், நோயைத் தீவினையின் தண்டனையாக்கியது அக்கதையின் குறையே. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் மருத்துவ நிலையம் எழுந்தது. அந்நோய் குணமாகும் என்பதை நம் மண் நன்கறியும்.

1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைசென்று மீண்ட இராதா, 1979இல் மறைந்தார். அவர் கலையிலிருந்து கவிஞர்கள் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: தீமையைச் செயலில் காட்டுக, உடலில் அன்று.