கனவுப் புண் ஆற்றிய மருத்துவர் ரிவர்ஸ்

கனவு தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. திருக்குறள் கனவுநிலை உரைத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட தீக்கனா, கோவலனுக்கு நேரவிருந்த தீங்கை முன்கூட்டியே உணர்த்திற்று. வரவிருப்பதை உரைக்கும் தூதாகவே கனவை நம் முன்னோர் பெரிதும் கருதினர். ஆயின், நடந்து முடிந்த கொடுமையையே இரவுதோறும் மீண்டும் காட்டி மனிதனை அலறி எழச் செய்யும் கனவும் உண்டு. அக்கனவின் இயல்பை ஆராய்ந்து, அதற்கு ஆட்பட்டோரின் துயர் தணிக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ஆவார். நீலகிரித் தோடர்களைப் பற்றிய பெருநூலால் தமிழகத்தோடும் தொடர்புடையவர் அவர்.

1864ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ரிவர்ஸ் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு. திக்குவாய் நீக்கும் பயிற்சி அளிப்பதிலும் தேர்ந்தவர். ஆயினும் மைந்தருக்கு வாய்த்த திக்கல் வாழ்நாள் முழுதும் முற்றாக நீங்கவில்லை. பள்ளிப் பருவத்தில் கண்ட நச்சுக் காய்ச்சலால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உதவித்தொகைத் தேர்வை எழுத இயலாது போயிற்று. மனந்தளராது இலண்டனில் மருத்துவம் பயின்று, 1886இல் தம் இருபத்திரண்டாம் அகவையிலேயே மருத்துவரானார். கப்பல் மருத்துவராகவும் சிறிது காலம் பணியாற்றினார். எந்தக் கேம்பிரிட்ஜ் மாணவப் பருவத்தில் கைநழுவிற்றோ, அதே கேம்பிரிட்ஜ் 1893இல் அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது.

1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் ரிவர்ஸ் இடம்பெற்றார். அங்கு வாழ்ந்த மக்களிடம் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரின் பெயர்களைப் பொறுமையாகக் கேட்டுக் குடிவழிகளைத் தொகுத்தார். அதே முறையைக் கையாண்டு 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடர்களின் உறவுமுறை, வழிபாடு, எருமைப் பால்மனைச் சடங்குகள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அந்நூல் 1906இல் வெளிவந்தது. பிறர் சொல்வதைக் குறுக்கிடாது கேட்கும் பண்பு இத்தகைய ஆய்வுகளில் அவருக்குக் கைவந்தது எனலாம். பின்னாளில் அவர் கையாண்ட மருத்துவத்திற்கு அப்பண்பே அடித்தளமாயிற்று.

1903இல் அவர்தம் நண்பர் மருத்துவர் ஹென்றி ஹெட் தம் கையின் நரம்பு ஒன்றைத் தாமே விரும்பி அறுவை செய்துகொண்டார். அறுபட்ட இடத்தில் உணர்ச்சி எவ்வாறு மீள்கிறது என்பதை இருவரும் நான்காண்டுக் காலம் ஆராய்ந்தனர். பழைய உணர்வு அழிவதில்லை. புதிய உணர்வால் அடக்கப்பட்டு உள்ளே உறைகிறது என்னும் கருத்து இவ்வாய்வால் ரிவர்சின் உள்ளத்தில் வேரூன்றியது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. உடலில் ஒரு காயமும் இன்றிப் பல்லாயிரம் வீரர்கள் கைகால் நடுங்கியும் பேச்சிழந்தும் உறக்கம் துறந்தும் போர்க்களத்திலிருந்து திரும்பினர். குண்டதிர்ச்சி என்று அந்நோய்க்குப் பெயரிட்டனர். கோழைத்தனம் என்று இகழ்ந்தோரும் உளர். 1915இல் லிவர்பூலை அடுத்த மேகல் மருத்துவமனையில் இந்நோயாளரிடையே பணி தொடங்கிய ரிவர்ஸ், 1916 முதல் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

அந்நாளில் வழங்கிய அறிவுரை ஒன்றே: நடந்ததை நினையாதே, இனியவற்றையே எண்ணு என்பது. நண்பர், குடும்பத்தார், மருத்துவர் அனைவரும் அதையே கூறினர். நோயாளரும் பகல் முழுதும் அரும்பாடுபட்டு நினைவை ஒதுக்கினர். பகலில் ஒதுக்கப்பட்ட நினைவு இரவில் பேருருக் கொண்டு வந்ததை ரிவர்ஸ் கண்டார். உறங்கவே அஞ்சி விடியுமட்டும் விழித்திருந்தோர் பலர். நினைவை விரட்டும் முயற்சியே நோயை வளர்க்கிறது என்று அவர் தெளிந்தார். 1917 டிசம்பரில் மருத்துவர் அவையில் இக்கருத்தை எடுத்துரைத்தார். 1918 பிப்ரவரியில் அவ்வுரை லான்செட் இதழில் வெளிவந்தது.

அவ்வுரையில் அவர் கூறிய நிகழ்வு ஒன்று நெஞ்சை உருக்குவது. இளம் அதிகாரி ஒருவர், குண்டால் சிதறிய தம் நண்பரின் உடலைக் கண்டவர். அதே காட்சி இரவுதோறும் கனவில் வந்தது. உடல் அவ்வாறு சிதறியிருந்ததே, நண்பர் நொடிப்பொழுதில், நெடுந்துன்பம் இன்றி உயிர்நீத்தார் என்பதற்குச் சான்றாகும் என ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே இல்லை. பின்னர் வந்த கனவில் அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, உறவினர்க்கு அனுப்புதற்குரிய பொருள்களை எடுத்தார். அக்கனவில் துயரம் இருந்தது; திகில் இல்லை. நிகழ்ந்தது மாறவில்லை, அதனை நோக்கும் நோக்கே மாறியது.

எல்லாருக்கும் இம்முறை பயனளித்ததென ரிவர்ஸ் பெருமை பேசவில்லை. குண்டு வெடிப்பால் தூக்கி எறியப்பட்டு, அழுகிய பிணத்தின்மேல் முகம் பதிய விழுந்த மற்றோர் அதிகாரியின் நினைவில் ஆறுதல் தரும் கூறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அம்மனிதர் படைப்பணியை விட்டு, முன்னர் அமைதியளித்த நாட்டுப்புற வாழ்வை நாடுவதே நன்று என முடிவு செய்தார். இடைவிடாது துயரையே எண்ணி உழல்வதும் கேடு என்று அவர் எச்சரித்தார். அடக்குதலும் ஆகாது, அதிலேயே அமிழ்தலும் ஆகாது என்பதே அவர்தம் நெறி.

1917 ஜூலையில், போரைத் தொடர்வதை எதிர்த்து அறிக்கை விடுத்த கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் அவரிடம் அனுப்பப்பட்டார். இங்குத்தான் ரிவர்சின் மனச்சான்று சோதனைக்குள்ளாயிற்று. நோயாளரைக் குணப்படுத்துவது, அவர்களை மீண்டும் சாக்களத்திற்கு அனுப்புவதாகவும் முடியும் அன்றோ? இப்போராட்டம் ரிவர்சின் சொந்தக் கனவிலேயே வெளிப்பட்டது. அதனையும் அவர் மறையாது ஆராய்ந்து எழுதினார். அவ்வாராய்ச்சி அடங்கிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1923இல் வெளிவந்தது. சசூன் 1917 நவம்பரில் படைப்பணிக்குத் திரும்பினார். போரில் காயமுற்றும் உயிர்பிழைத்தார். ரிவர்சைத் தம் வாழ்நாளெல்லாம் நன்றியுடன் போற்றினார்.

போருக்குப் பின் ரிவர்ஸ் பொதுவாழ்விலும் நாட்டம் கொண்டு, தொழிற்கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க இசைந்தார். தேர்தல் வருமுன்னரே, 1922ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், குடலிறக்கத்தால் நேர்ந்த திடீர்ச் சிக்கலால் தம் ஐம்பத்தெட்டாம் அகவையில் இயற்கை எய்தினார்.

அவர் ஊன்றிய வித்து பின்னர் வளர்ந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைத் தனி நோயாக ஏற்றது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஈழப் போர் தமிழர் உள்ளங்களில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து 1998இல் நூல் வெளியிட்டார். கொடுங்கனவுக்கெனத் தனிப்பயிற்சியும் இன்று உண்டு. பகல்பொழுதில் கனவின் கதையை எழுதி, அதன் போக்கைத் தாம் விரும்பியவாறு மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்ப்பதே அது. மிகக் கொடிய கனவை விடுத்துச் சற்றே எளியதில் தொடங்குதல் நன்று. சில வாரப் பயிற்சியில் பலருக்குக் கனவின் கடுமை தணிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இளம் அதிகாரியின் கனவு தானே மாறியது. இப்பயிற்சியோ அம்மாற்றத்தை முயன்று உண்டாக்குகிறது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என வினவலாம். நம் மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியும் ரிக் வண்டியும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. தொலைதூரச் சாலைகளில் விபத்தைக் கண்டோரும், உடன் சென்ற தோழரை இழந்தோரும் நம்மிடையே உளர். அவர்கள் நள்ளிரவில் அலறினால் காற்றுக் கருப்பு என்கிறோம், ஆண்மகன் அழலாமா என்கிறோம், மறந்துவிடு என்கிறோம். வழிபாடும் பெரியோர் ஆசியும் நெஞ்சுக்கு உரமளிக்கும். ஆயினும் மருத்துவத்தின் இடத்தை அவை மட்டுமே நிரப்புதல் கூடாது.

அலறுபவரைப் பிடித்து உலுக்காது, சற்று விலகி நின்று பெயர் சொல்லி மென்மையாக எழுப்புதல் வேண்டும். விளக்கேற்றி, இருக்கும் இடத்தையும் நாளையும் நினைவூட்டுதல் நன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழும் பழக்கம் துயிலைச் சீராக்கும். மது முதலில் உறக்கம் தருவதுபோல் தோன்றினும் பின்னிரவுத் துயிலைச் சிதைக்கும். சொல்ல விழையாதவரை வற்புறுத்திச் சொல்லவைத்தலும் தவறு. சொல்ல முன்வரும்போது செவிமடுத்தலே கடன். ஒரு திங்களுக்கு மேலும் துன்பம் நீடித்தால் மனநல மருத்துவரை நாடல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

தம் நாவே திக்கிய மருத்துவர் ஒருவர், பிறர் வாய்திறந்து பேசும்வரை பொறுத்திருந்தார். வீட்டுத் திண்ணையிலும் வகுப்பறையிலும் அப்பொறுமையை நாமும் பழகுவோமாயின், நம் ஊரில் உறக்கமின்றித் தவிப்போர் சிலரேனும் அமைதியாகக் கண்ணயர்வர்.