கணித மேதை இராமானுஜனும் 250 பவுன் உதவித்தொகையும்

வெளிநாட்டில் மேற்படிப்புப் பயில உதவித்தொகை கிடைக்குமா என்று நம் பிள்ளைகள் வினவும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். கீரப்பாளையத்தார்க்கு அது கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள ஊர்தான்.

அவர் பெற்ற முதல் உதவித்தொகை நிலைக்கவில்லை. 1904இல் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த அது, கணிதம் தவிர்த்த பாடங்களில் அவர் கருத்தூன்றாமையால் பறிபோயிற்று. பின்னர்ச் சென்னையிலும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அந்நிலையில் 1910ஆம் ஆண்டளவில், அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திருக்கோவலூருக்குக் குறிப்பேடுகளுடன் வந்தார். அங்குத் துணை ஆட்சியராய் இருந்தவர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர். இளைஞர் வேண்டியது ஓர் எழுத்தர் பணியே. அத்தகைய அறிவை அலுவலகத்தில் முடக்க மனமின்றி, ஐயர் அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். ஊர்ப்பெருமை பேசுகிறேன் என எண்ணற்க. நம் பழைய மாவட்டம் அவருக்குச் செய்த உதவி இது.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றிற்று. பட்டதாரிகளுக்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கியது. திங்கள்தோறும் 75 ரூபாய். மதிப்பெண் சான்றிதழை மட்டுமே நோக்கும் தேர்வுக் குழுக்களைப் பின்னாளில் நான் நிறையக் கண்டதனால், இத்துணிவு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

1914இல் இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் பெற்றோர்க்குச் சேருமாறு ஏற்பாடு செய்துவிட்டு மார்ச் 17இல் கப்பலேறினார். துறைமுகச் சம்பளத்தைப் போல் இருமடங்கு அது.

புலால் உண்ணாதவராதலின் கல்லூரி உணவுக்கூடத்தை விலக்கித் தம் அறையில் தாமே சமைத்தார். போர் மூண்டபின் காய்கறியும் அரிதாயிற்று. பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிய நம் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1917இல் கடும் நோயுற்றார். மருத்துவமனைகளில் இருந்த காலத்திலேயே, 1918இல், இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுனாக ஐந்தாண்டுகளுக்கு அளிக்க முன்வந்தது. 1919 ஜனவரியில் பதிவாளருக்கு அவர் எழுதிய மறுமொழியில், பெற்றோர்க்கு 50 பவுன் தந்து, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் பயன்படுத்த வேண்டினார். உதவித்தொகை இழந்து கல்லூரியை விட்ட மாணவர் அவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. உடல்நலக் குறைவால் முன்போல் கணிதத்தில் ஈடுபட இயலவில்லை என்ற வருத்தத்தையும் அதில் தெரிவித்திருந்தார்.

அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது அகவை 32. மனைவி ஜானகி அம்மையார் தையற்கலை பயின்று, அதனையே வாழ்வாதாரமாகக் கொண்டு சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.