தில்லி சாந்தி தேவி

பூர்வ ஜென்ம சிகிச்சை என்று இப்போது பெரிய நகரங்களில் நடக்கிறது. ஹிப்னாடிச முறையில் படுக்க வைத்து, முன் பிறவியை நினைவுக்குக் கொண்டுவந்தால் மனச்சுமை இறங்கிவிடும் என்கிறார்கள். நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் சிலர் போய் வருவதாகக் கேள்விப்படுகிறேன். அந்த நினைவு, யாரும் கிளறாமல் தானாகவே வந்தவர் ஒருவர் தில்லியில் வாழ்ந்தார். அவர் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

சாந்தி தேவி 1926 டிசம்பரில் தில்லியில் மாத்தூர் குடும்பத்தில் பிறந்தார். நாலு வயது சுமாருக்கு, தன் வீடு இதுவல்ல, மதுராவில் இருக்கிறது, அங்கே கணவரும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். தான் உடுத்திய புடவைகள், சாப்பிட்ட பட்சணங்கள் எல்லாம் பேச்சில் வரும். கணவர் பெயரை மட்டும் சொல்ல மறுத்தார். நம் பாட்டிமார்களும் ஆத்துக்காரர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் அல்லவா, அதே வழக்கம்தான். உறவினரான ஆசிரியர் ஒருவர், மதுராவுக்கு அழைத்துப் போகிறேன் என்று ஆசை காட்டிய பிறகு, அவர் காதோடு கேதார்நாத் சௌபே என்று சொன்னாள் குழந்தை.

கடிதம் போட்டார்கள். அப்படி ஒருவர் மதுராவில் நிஜமாகவே இருந்தார். அவர் மனைவி லுக்தி தேவி 1925 செப்டம்பரில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்று, பத்து நாளில், அக்டோபர் 4-ஆம் தேதி ஆக்ராவில் காலமாகியிருந்தாள். 1935 நவம்பரில் கேதார்நாத் தில்லி வந்தார். கணவரின் அண்ணன் என்று சொல்லி அறிமுகப்படுத்தியும், சாந்தி அவரைக் கணவர் என்றே அடையாளம் கண்டுகொண்டாள் என்பது பதிவு. கூடவே வந்த பையன் நவநீத் லாலைக் கண்டதும் அழுதாள். தன் விளையாட்டுச் சாமான்களை எல்லாம் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் 'பிள்ளை' இந்தத் 'தாயை'விட ஒரு வயதுக்கு மேல் மூத்தவன்! கேதார்நாத் மறுமணம் செய்துகொண்டிருந்தார். அதையும் அந்த எட்டு வயதுப் பெண் தாங்க வேண்டியிருந்தது.

விஷயம் பத்திரிகைகளில் பரவி, காந்திஜி வரை போயிற்று. அவர் முயற்சியில் 15 பேர் குழு ஒன்று 1935 நவம்பர் 24-ல் குழந்தையை மதுராவுக்கு அழைத்துச் சென்றது. அவளே வழி காட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பணம் புதைத்து வைத்த இடம் என்று ஒன்றைக் காட்டினாள். தோண்டினால் பணம் இல்லை. மனைவி இறந்த பின் தாமே எடுத்துவிட்டதாகக் கேதார்நாத் பிறகு ஒப்புக்கொண்டார். பிறந்தகத்துப் பெற்றோரையும் கூட்டத்தில் கண்டுகொண்டாள். அங்கிருந்து கிளம்ப மனமில்லாத பெண்ணைத் திரும்பத் தில்லிக்கே கொண்டுவந்தார்கள். லாலா தேஷ்பந்து குப்தா முதலிய மூவர் எழுதிய அறிக்கை 1936-ல் வெளிவந்தது. மறுபிறவி என்பதே அவர்கள் முடிவு.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் விசாரித்த பால்சந்த் நாஹட்டா, இந்த ஆதாரங்களைக் கொண்டு மறுபிறவி என்று முடிவு கட்ட முடியாது என்று எழுதினார். குழு போவதற்கு முன்பே இரு குடும்பங்களும் சந்தித்துவிட்டன. மதுராவோ தில்லியிலிருந்து 150 கி.மீ.தான், வியாபாரிகளும் யாத்ரிகர்களும் ஓயாமல் வந்து போகும் ஊர். குழந்தை காதில் எதுவுமே விழவில்லை என்று நிரூபிப்பது சுலபமல்ல. ஆனாலும் நாலு வயதுக் குழந்தை இத்தனை வருஷம் ஒரே பிடியாக நின்றதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன், இப்படிச் சுமார் 2500 குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்தவர். பெரும்பாலான குழந்தைகள் ஏழெட்டு வயதுக்குள் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள் என்று கண்டார். மறுபிறவியை இவ்வளவு மதித்த அவரே, ஹிப்னாடிசத்தில் வரும் பூர்வ ஜென்மக் கதைகளில் பெரும்பாலானவற்றை நம்பவில்லை; கேட்டது, படித்தது, கற்பனை எல்லாம் கலந்து வரும் என்பது அவர் அபிப்பிராயம். பணம் கட்டிப் படுக்கப் போகிறவர்கள் இதை அறிந்து போகட்டும். நம் பெரியவர்களோ மறதியையே இயற்கை என்றார்கள். கர்ப்பத்தில் முன் பிறவிகளை நினைத்து வருந்தும் சிசு, பிறந்ததும் மறந்துவிடுகிறது என்று பாகவதம் சொல்கிறது. மறக்கச் செய்யும் சடம் என்ற வாயுவைக் கோபித்துத் தள்ளியதால்தான் நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்று பெயர். அது ஆழ்வாருக்கு, நமக்கு எதற்கு?

சாந்தி தேவிக்கு மறக்கவில்லை. 1986-ல் ஸ்டீவன்சன் நேரில் கண்டு பேசியபோதும் மதுரா வாழ்க்கையை அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெய்வ சிந்தனையில் காலம் கழித்து, 1987 டிசம்பர் 27-ல், 61-வது வயதில் காலமானார்.