வெப்பத்தின் வழியை அளந்த விஞ்ஞானி: கே. எஸ். கிருஷ்ணன்

இரத்தினக்கல் பார்ப்போர் சிலர் கல்லை உதட்டிலே வைத்துப் பார்ப்பது எமது எஹலியகொடை வாசிகளுக்குப் புதிதன்று. கண்ணாடியைவிட நீலக்கல் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். இரண்டும் ஒரே வெப்பநிலையிலிருப்பினும், நீலக்கல் உதட்டின் வெப்பத்தை விரைவாக உள்வாங்குவதே காரணம். இன்று வியாபாரிகள் கையில் வைத்திருக்கும் சிறு கருவியும், வெப்பம் கல்லினுள் பாயும் வேகத்தைக் கொண்டே வைரத்தைக் கண்ணாடியினின்று பிரித்துக் காட்டுகின்றது. இத்தகைய வெப்ப ஓட்டத்தை ஆராய்ந்த தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்கு கூற விழைகின்றோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றிற் கற்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பிரிவிற் பணியாற்றியபோது, மதிய இடைவேளையில் மாணவருடன் பௌதிகம் பற்றி உரையாடி வந்தார்.

1923இல் கல்கத்தாவில் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1928இல் உலகறிந்த இராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது உடனிருந்து உழைத்தவர் இவரே. ஆயினும் 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா சென்று புதிய துறையொன்றிற் புகுந்துவிட்டார். மெல்லிய படிக இழையிலே சிறு பளிங்கைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்பும் அளவைக் கொண்டு அதன் காந்த இயல்பை அளந்தார். எமது கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் பென்சிற்கரியும் அவர் பின்னர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. அதன் படலங்களின் வழியே மின்சாரம் எளிதிற் பாயும். குறுக்கே பாய்வது மிக அரிது என அவர் காட்டினார். 1940இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

1947இல் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் பணிப்பாளரானார். 1950களில் எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து, வெற்றிடத்தில் வைத்த மெல்லிய கோலினுள் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தார். கோலின் நடுப்பகுதி தணலாய் ஒளிரும். குளிர்ந்த பிடிகளை நோக்கி வெப்பம் வழிந்தோடுவதால் முனைகள் சூடு குறைந்திருக்கும். நடுவிலிருந்து முனைவரை வெப்பநிலை எவ்வாறு குறைகின்றது என்பதை அறிந்தால், அப்பொருளின் வெப்பங் கடத்தும் திறனைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு சிறு கோலும் கூரிய கணிதமும் இங்கு பெரும் பொறிகளின் வேலையைச் செய்தன.

1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசும் பெற்ற இப்பெரியார் 1961 ஜூன் மாதத்திற் காலமானார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த ஈடுபாடுடைய அன்னார் தமிழிற் கட்டுரைகளும் எழுதினார்.

எமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூட வசதி போதாது. அதனைக் கேட்டுப் பெற்றுத் தருவது பெரியோர் கடன். ஆனால் அது வரும்வரை இளைஞர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஒரே அளவான செப்புக் கம்பி, இரும்புக் கம்பி, ஒரு விளக்கு, சில துளி மெழுகு ஆகியன போதும். எதில் மெழுகு முதலில் உருகுகின்றது, ஏன் என்று கேட்போமாயின், கிருஷ்ணன் நடந்த பாதையில் நாமும் ஓரடி வைத்தவராவோம்.