ஒரு கொக்குப் பாட்டுக்கு பிரிட்டிஷ் அரசு ஏன் பயந்தது? நாடக நடிகர் விஸ்வநாததாஸின் கதை

மேடையில் வள்ளி தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடத்தில் வந்த நடிகர் ஒரு கொக்கைப் பற்றிப் பாட ஆரம்பிக்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பாட்டு முடிகிற நேரத்தில் போலீஸ் மேடையேறுகிறது. முருகன் கைது. அன்றைய நாடகம் அதோடு முடிந்தது.

கேட்பதற்கு சினிமா காட்சி மாதிரி இருக்கும். ஆனால் 1920, 30-களில் தென் தமிழகத்தில் இது நடந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை. கைதானவர் தியாகி விஸ்வநாததாஸ். அவர் பாடியது 'கொக்கு பறக்குதடி பாப்பா'.

யார் இந்த விஸ்வநாததாஸ்?

1886 ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தவர். பின்னர் மதுரையிலிருந்து 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள திருமங்கலத்தில் வாழ்ந்தார். முடிதிருத்தும் தொழிலைச் செய்துவந்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் குரல் இருந்தது. சின்ன வயதிலேயே நாடக மேடைக்குப் போனார்; வளர்ந்ததும் ராஜபார்ட் வேடங்களில் பெயர் பெற்றார்.

ராஜபார்ட் என்றால் கதாநாயகன் வேடம். அந்தக் காலத்தில் அதற்கு முதல் தகுதி முகம் இல்லை, குரல். மைக் இல்லாத காலம் அது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்தில், திறந்தவெளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த நடிகரை மறுமுறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மதுரையில் வளர்ந்த மேடை

மதுரை தல்லாகுளத்தில் தமுக்கம் மைதானத்தை ஒட்டி நிற்கும் சங்கரதாஸ் சுவாமிகள் சிலையைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். தமிழ் நாடகத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர் அவர். 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றும் மதுரை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது.

இந்த நாடகங்கள் பெரும்பாலும் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில் நடப்பவை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும்கூட வெவ்வேறு ஊர்க்காரர்கள். எல்லோரும் அன்று சாயங்காலம்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் எந்தப் பாட்டைப் பாடுவது என்பது நடிகரின் விருப்பம். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் திரும்பப் பாட வேண்டும்.

விஸ்வநாததாஸுக்குக் கிடைத்த வழி இதுதான். நாடகம் புராணக் கதை; அதற்குத் தடை இல்லை. ஆனால் நடுவில் என்ன பாட்டு வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

அப்படி என்ன இருந்தது அந்தப் பாட்டில்?

காந்தியின் அழைப்பால் ஈர்க்கப்பட்டு காங்கிரஸில் சேர்ந்தவர் விஸ்வநாததாஸ். கதர் உடுத்தினார். தேசபக்திப் பாடல்களை நாடகங்களுக்குள் கொண்டுவந்தார். அவருக்குக் கைகொடுத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952). வெள்ளைச்சாமி என்பது இவருடைய இயற்பெயர். ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி இவர் எழுதிய பாட்டு தமிழ் மேடைகளில் அந்நாளில் மிகப் பிரபலம். 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்கும் பாட்டு எழுதியவர் இவர்தான். சம்ஸ்கிருதக் கவியின் கதைக்குள் காந்தியின் ராட்டினத்தை நுழைத்தவர்.

கொக்குப் பாட்டும் அவர் எழுதியதே. அதற்காக வள்ளி திருமணத்தில் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள். கதைப்படி வள்ளியின் வேலை தினைப்புனத்துக்கு வரும் பறவைகளை விரட்டுவது. அந்தக் காட்சியில் பறவையைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் கிராமத்து ஆட்களுக்கு உடனே புரிந்திருக்கும். தினை தின்ன வருவது கிளியும் குருவியும். கொக்குக்கு தினைப்புனத்தில் என்ன வேலை? அது மீனுக்குத் தவம் கிடக்கிற பறவை. நிறம் வெள்ளை. பாட்டில் அது கடல் கடந்து, வியாபாரம் செய்ய வந்து, கடைசியில் கொள்ளையடிக்கிறது. ஆங்கிலேயன் என்ற சொல்லே தேவைப்படவில்லை. விரட்ட வேண்டியது எந்தப் பறவையை என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்துவிட்டது.

இன்றைக்கு ராக், மெட்டல் இசைக்குழு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பாட்டு உண்டு. ஜப்பானின் 'எக்ஸ் ஜப்பான்' குழு 'எக்ஸ்' பாட்டை ஆரம்பித்தால் அரங்கமே கைகளைக் குறுக்காக வைத்துக் குதிக்கும். அந்தப் பாட்டு இல்லாமல் கச்சேரி முழுமையாகாது. விஸ்வநாததாஸுக்குக் கொக்குப் பாட்டு அப்படி. ஒரு வித்தியாசம்: இங்கே பாடினால் சிறை.

சட்டம் என்ன சொன்னது?

1876-ல் பிரிட்டிஷ் அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வங்காளத்தில் ஆங்கிலேயரைக் கேலி செய்து நாடகங்கள் வரத் தொடங்கியதுதான் காரணம். அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் நாடகங்களைத் தடை செய்யவும், மீறினால் தண்டிக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. கூடவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ, அதாவது ராஜத்துரோகப் பிரிவும் கையில் இருந்தது.

பத்திரிகையை அடக்குவது அரசுக்கு எளிது. அச்சகத்தைப் பூட்டினால் போதும். படிக்கத் தெரிந்தவர்களும் அப்போது குறைவு. நாடகம் அப்படி இல்லை. ஓர் இரவில் பல கிராமத்து ஜனங்கள் கூடுகிறார்கள். காலையில் அந்தப் பாட்டு அவர்களோடு வயலுக்கும் சந்தைக்கும் போய்விடுகிறது. நடிகரைப் பிடிக்கலாம், பாட்டைப் பிடிக்க முடியாது.

அதனால்தான் விஸ்வநாததாஸ் திரும்பத் திரும்பக் கைதானார். 29 முறை சிறை சென்றார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வழக்கு ஒன்றில் அவருக்காக வ.உ.சிதம்பரனார் வாதாடினார். செக்கிழுத்த வழக்கறிஞர் ஒரு நாடகக்காரருக்காக நீதிமன்றத்தில் நின்றார்.

கொடுத்த விலை

ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மேடை ஏறினால்தான் காசு. சிறையில் இருந்த ஒவ்வொரு மாதமும் வீட்டில் வருமானம் இல்லாத மாதம்தான். கடன் சேர்ந்தது. அரசியல் பாட்டை மட்டும் விட்டிருந்தால், அந்தக் குரலுக்கு வசதியாக வாழ்ந்திருக்கலாம். விடவில்லை.

இன்னொரு சண்டை மேடைக்குள்ளேயே நடந்தது. சாதியைக் காரணம் காட்டி அவருடன் ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தார்கள். மேடையில் முருகனாக வந்தால் கூட்டம் கும்பிடும். வேடம் கலைந்ததும் பிறப்பை விசாரிக்கும். வெள்ளைக்காரரிடமிருந்து விடுதலை கேட்டுப் பாடியவர், சொந்த ஊர்க்காரர்களிடமிருந்தும் விடுதலை கேட்க வேண்டியிருந்தது. அவர் கதையில் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசாத பகுதி இது.

கடைசி இரவு

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். நாடகம், அதே வள்ளி திருமணம். 54 வயது. உடல்நிலையும் சரியில்லை, பணநிலையும் சரியில்லை. முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அந்த வேடத்திலேயே அவரது இறுதி ஊர்வலம் நடந்தது.

சுதந்திரம் வர அப்போது இன்னும் ஏழு ஆண்டுகூட இல்லை. அவர் அதைப் பார்க்கவில்லை.

இன்று என்ன இருக்கிறது?

திருமங்கலத்தில் அவர் பெயரில் தமிழக அரசின் நினைவில்லம் இருக்கிறது. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

சட்டத்தின் கதை இன்னும் நீளம். நாடகங்களை அடக்க 1876-ல் போட்ட அந்தச் சட்டம், சுதந்திரத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள் புத்தகத்தில் கிடந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்துச் சட்டம் 2018 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற பிறகே அது ஒழிந்தது. அதாவது, பாடியவர் இறந்து 77 ஆண்டுகள் கழித்து.

வள்ளி திருமணம் மட்டும் நிற்கவில்லை. பங்குனி, சித்திரை பிறந்தால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நாடகக் கொட்டகை போடுகிறார்கள். விடிய விடிய வள்ளி பறவை விரட்டுகிறாள். அடுத்த முறை அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்தால் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஒருகாலத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மேடை ஓரத்தில் போலீஸ் காத்திருந்தது.